அரசி அக்கா ஊதாத விசில்

செவ்வாய்க்கிழமை காலை நம் கூடைப்பந்து வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்தது. நடுவர் மங்கையர்க்கரசி மாரடைப்பால் காலமானார். நம் அரசி அக்காவுக்கு நாற்பத்து மூன்று வயதுதான். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. அதற்கும் முன்னால் ஒரு பெருமூச்சு வந்தது: நல்ல வேளை, போன மாதமே சொல்லிவிட்டேன்! அவரோடு ஆடியவர்களுக்கும் அவரிடம் விசில் வாங்கியவர்களுக்கும் அது என்னவென்று சொல்ல வேண்டும்.

திருவாரூர் பக்கம் ஓர் அரையிறுதி. அறுவடை முடிந்த சமயம். சிமெண்ட் ஆடுகளத்தில் காயவைத்திருந்த நெல்லை ஆட்டத்துக்காகப் பக்கக்கோட்டுக்கு வெளியே குவித்து, தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். கடைசி அரை நிமிடம். எங்கள் மயிலாடுதுறை அணி ஒரு புள்ளி முன்னால். எதிரணியின் கார்த்தி பந்தைத் தட்டிக்கொண்டு வந்து இரண்டு கைகளாலும் பிடித்தான். அது கையிலிருந்து நழுவி நெல் குவியலுக்கு மேல் பறந்தது. கார்த்தி தாவினான். அந்தரத்திலேயே பந்தை உள்ளே அடித்துவிட்டுத் தார்ப்பாய் மேல் தொபீரென்று விழுந்தான். எழுந்து உள்ளே ஓடி, உருண்டுகொண்டிருந்த பந்தை எடுத்து, மறுபடி தட்டிக்கொண்டு போய்க் கூடையில் போட்டான். அரசி அக்கா விசில் ஊதவில்லை. நாங்கள் தோற்றோம்.

"அவுட்டுங்க! நெல்லு மேலயே விழுந்துட்டான்!" என்று ஒரு பெரியவர் கத்தினார்.

"புடிச்சிட்டு மறுபடி தட்டுறான், டபுள் டிரிப்ளிங்! விசில வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டீங்களாக்கா?" இது ஓரத்தில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்த நான்.

அக்கா விசிலை வாயிலிருந்து எடுத்தார். "வாயிலதான் இருந்துச்சு தம்பி. ஊத ஒண்ணும் இல்ல."

விடுவேனா? அன்றே ரீல் போட்டேன். வேகத்தைக் குறைத்து, பந்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, 'கண் டாக்டர் நம்பர் வேணுமா?' என்று தலைப்பும் வைத்தேன். கும்பகோணம் வரை எல்லாருடைய கைப்பேசியிலும் அது ஓடியது. பல வருடங்களாக அரையிறுதியோடு நின்ற அக்காவுக்கு அந்த முறைதான் முதன்முதலாக இறுதிப் போட்டி கிடைத்திருந்தது. கலாட்டா ஆகும் என்று பயந்து, அமைப்பாளர்கள் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். நான் அதைக் கொண்டாடினேன். இரண்டாம் பாகத்துக்குப் பேட்டி எடுக்கலாம் என்று அவர் வேலை செய்யும் டிராக்டர் உதிரிபாகக் கடைக்கே போனேன்.

"நீதானா அந்தக் கண் டாக்டரு? ஒக்காரு. வெட்டாத வீடியோ வச்சிருக்கியா?"

வைத்திருந்தேன். ரீலுக்காக நெட்டுக்குத்தாக வெட்டியதில் இரண்டு ஓரங்களும் போயிருந்தன. முழு வீடியோவை அவர் முன்னால் ஓட்டினேன். கார்த்தியின் கையிலிருந்த பந்தைத் தட்டிவிட்டது எங்கள் ஆளின் விரல். எதிராளி தட்டிப் பறிபோன பந்தை மீட்டால் புதிதாகத் தட்டிக்கொண்டு போகலாம். தாவும்போது கார்த்தியின் கால் கோட்டுக்கு உள்ளே இருந்தது. உள்ளிருந்து தாவியவன் வெளியே விழும்வரை உள்ளே இருப்பவன்தான். விதிகளெல்லாம் கைப்பேசியிலேயே படித்தவன் நான். இரண்டும் எனக்குத் தெரிந்தவைதான். பார்க்கத்தான் இல்லை.

"அக்கா, தப்பு என்னுது."

"நானும் அன்னைக்கு ஒண்ணு விட்டேன்டா. உங்க ஆளு பந்தத் தட்டாமலே மூணு எட்டு வச்சான், நான் கவனிக்கல. அதுக்கு ஏன் ரீல் போடல?"

"அது எங்க டீமுக்கா..."

"அதான பாத்தேன்!" கடையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்.

கடை வாசலிலேயே நின்று முழு வீடியோவையும் போட்டேன். தப்பு என்னுடையது என்று எழுதினேன். அடுத்த பஸ் பிடித்து, தஞ்சாவூரில் அமைப்பாளர்களிடம் போய் நின்றேன். "ஊரையே கெளப்பி விட்டுட்டு இப்ப வந்து நிக்கிறியேப்பா" என்று ஒருவர் கடிந்துகொண்டார். ஆனாலும் மூன்று முறை போட்டுப் பார்த்தார். பெயர் பட்டியலில் திரும்பவும் ஏறியது.

இறுதிப் போட்டியன்று சாம்பல் நிற நடுவர் சட்டையில் அக்கா ஆடுகளத்துக்குள் நடந்துவந்தபோதுதான் எனக்கு மூச்சே வந்தது. மறுநாள் செய்தி அனுப்பியிருந்தார்: "நீ போட்ட முழு வீடியோவப் பாத்தேன் தம்பி. நேத்து நல்லா தூங்கினேன்."

ஒரு மாதம் தள்ளிப்போட்டிருந்தால், அவரைப் பற்றி நான் சொன்ன கடைசி வார்த்தை அந்த ரீலாகவே இருந்திருக்கும். அப்படி ஆகவில்லை. அந்த நிம்மதியோடுதான் இதை எழுதுகிறேன்.

அந்த முழு வீடியோவை அழிக்கப்போவதில்லை. பந்து அந்தரத்தில் இருக்கும் நொடியில் நிறுத்திப் பார்க்கிறேன். கூட்டம் மேலே பார்க்கிறது, ஆட்டக்காரர்கள் மேலே பார்க்கிறார்கள், என் கேமராவும் மேலேதான் போகிறது. ஓரத்தில் அரசி அக்கா மட்டும் குனிந்து கார்த்தியின் காலைப் பார்க்கிறார். அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது அந்தக் குனிந்த பார்வையைத்தான்.