நோவில்லாத முதுகுகள்

இணையத்தில் நடத்தும் உடல்நல ஆய்வில் எங்களைப் போன்ற வீட்டு வேலைக்காரிகளையும் சேர்த்துக்கொண்டார்களாம். எங்களை எப்படிப் பிடிப்பதென்று தெரியாத அந்தப் படித்தவர்கள், கேள்விகளை எங்கள் முதலாளி சிஞோராமாரின் போனுக்கு அனுப்பினார்கள். இத்தாலியின் பலெர்மோவில், லிபெர்த்தா தெரு வீடொன்றில், சிஞோராவின் படுத்த படுக்கையான தாயை நானும் மன்னார்க்காரி ஒருத்தியும் தூக்கிப் புரட்டிக்கொண்டிருந்தோம். சிஞோரா போனைப் பார்த்துக் கேட்டாள், முதுகு நோகிறதா என்று. இருவரும் சிரித்துக்கொண்டே இல்லை என்றோம்.

"நோகுதெண்டு சொன்னால் நாளைக்கு வேலை இருக்குமே?" என்றாள் மன்னார்க்காரி, பஸ்ஸில். ஞாயிறு பூசைக்கு வந்த மற்றப் பெண்களும் தங்கள் சிஞோராமாரிடம் இல்லை என்றேதான் சொல்லியிருந்தார்கள்.

ஆய்வின் முடிவு வந்தது. தமிழ்ப் பெண்களுக்கு முதுகு நோவே இல்லையாம். சிஞோரா அதை எங்களுக்கு வாசித்துக் காட்டிவிட்டு, தூக்குவதற்கு இனி ஒருத்தி போதும் என்று மன்னார்க்காரியை வேலையிலிருந்து நிறுத்தினாள்.