பிள்ளையிடம் முதலில் கேட்பவர்

உலு திராம் ஊரில் பக்கத்து வீட்டுப் பிள்ளையை நான்தான் பார்த்துக்கொண்டேன். இரண்டு வயது, ரத்தத்தில் புற்றுநோய். அவன் அம்மாவுக்குப் பாசிர் கூடாங் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. ஆஸ்பத்திரிக்கு நானே தூக்கிப் போவேன்.

அங்கே ஒரு பெண் தாளோடு வருவார். ஒல்லியான உடம்பு, மூக்கில் இறங்கி நிற்கும் கண்ணாடி. பிள்ளையின் பாடு எப்படி என்று கேட்டு எழுதுவதுதான் அவர் வேலை. தரையில் குந்தி, ஒவ்வொரு கேள்வியையும் முதலில் பிள்ளையிடம் கேட்பார். "தம்பி, தூங்கினீங்களா? எங்கயாச்சும் வலிச்சுச்சா?" பிறகுதான் என்னைப் பார்ப்பார்.

"ஒரு குறையும் இல்லம்மா" என்பேன். நான் முன்பு வேலை செய்த ரப்பர் தோட்டத்தில், தாளோடு பேர் போட வரும் கணக்கர், கிராணி, அவரிடம் குறை சொன்னால் அன்றைய கூலிக்கான பேரை வெட்டிவிடுவார். அந்தப் பயம் எனக்குப் போகவில்லை.

மூன்றாம் முறை அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "பாட்டி, இந்தத் தாளப் பாத்தா தம்பி பந்து விளையாடப் போலாம் லா. அப்புறம் ஏன் இங்க வந்தீங்க? வலின்னு சொன்னாத்தான டாக்டர் மருந்தக் கூட்டுவாரு?"

"தூக்கினாலே ஒடம்பு நடுங்குதும்மா. இப்ப அழக்கூட மாட்டேங்கிறான்" என்றேன்.

அவர் எழுதியதையெல்லாம் அழித்துவிட்டு, முதல் கேள்வியிலிருந்து மறுபடியும் அவனிடமே கேட்டார். அன்று மருந்தை மாற்றினார்கள். கடைசி நாட்களில் பிள்ளை வலியில்லாமல் தூங்கினான்.

அவன் போன பிறகு அவனுடைய ஆஸ்பத்திரி அட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அந்தப் பெண் என் முன்னால் குந்தினார். பழக்கத்தில் அவர் கண் முதலில், பிள்ளை உட்காரும் என் மடிக்குப் போனது. பிறகு என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால், ஒரு குறையும் இல்லை என்று சொல்லியிருக்க மாட்டேன்.