இருளாயியின் அடுப்புச் செலவு

இருளாயி சமைத்தால் ஒரு கருவாட்டுத் தலையில் நாலு பேர் சாப்பிடலாம். சுங்கை சிப்புட் பக்கம் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்த கித்தா (ரப்பர்) தோட்டத்தில் அவளை மிஞ்சிய சிக்கனக்காரி கிடையாது. அந்தப் பெருமை அவளுக்கும் உண்டு. கூலியாட்கள் குடியிருக்கும் லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்தாம் வருஷம் கித்தா விலை ஏறு ஏறென்று ஏறியது. நாள் கூலியில் ஐந்து காசு கூட்டித் தரச் சொல்லி ஆட்கள் கேட்டார்கள். எல்லோரையும்விட இருளாயிதான் துடித்தாள். மகள் செல்லாயிக்கு ஏழாம் மாதம். கூலி கூடினால், பிள்ளைத்தாய்ச்சி மலைமேட்டு மரங்களில் பால் வெட்டப் போகாமல் வீட்டில் இருக்கலாம்.

கம்பெனியிலிருந்து ஒரு துரை வந்து வீடுவீடாகச் செலவை விசாரித்தார். நான் மொழிபெயர்த்தேன். எதற்கென்று ஆட்களிடம் மூச்சு விடக்கூடாது என்று எனக்கு உத்தரவு. எனக்கா தெரியாது? ஈப்போவில் வாங்கிய பழைய புத்தகத்தில் ஜெர்மன்காரர்கள் எழுதியதைப் படித்திருந்தேன். கூலியும் ஒரு விலைதானாம்; ஆள் உயிரோடு கிடக்க ஆகும் செலவோடு அது ஒட்டிக்கொள்ளுமாம். அந்த நாட்டுப் பண்ணை முதலாளி ஒருவர் இது நியாயமில்லை என்றார். நம் காசில் சொன்னால், ஆள் தின்பது இருபத்தைந்து காசு, அவன் உழைப்பில் விளைவது ஒரு வெள்ளி, அதாவது நூறு காசு என்றால், இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்துக் கூலி ஐம்பது காசு என்று கணக்குப் போட்டார். அந்தச் சூத்திரம் அவர் கல்லறையிலேயே இருக்கிறதாம். செத்துப்போன மனுஷன் கல்லில் சொல்கிறான். உயிரோடு இருந்த எனக்கு வாய் வரவில்லை. தூ, என்ன பிழைப்பு!

"நாலு பேருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவும்மா ஆகும்?" என்று கேட்டேன்.

"மத்தவளுகளுக்கு அம்பது காசு ஆகும். நம்ம கைக்கு முப்பதே போதும்யா. அதுலயும் மிச்சம் பிடிப்பேன்லா!" என்று இருளாயி சிரித்தாள்.

முப்பது என்று துரையிடம் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

ஆட்களின் செலவைப் பார்த்தால் இப்போது தரும் கூலியே அதிகம் என்று அடுத்த மாதம் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. செல்லாயி பால்வெட்டுக்குப் போனாள். மழை ஈரத்தில் மேட்டிலிருந்து வழுக்கி விழுந்தாள். பிள்ளை தங்கவில்லை. அதற்குப் பிறகு இருளாயி தன் சமையலைப் பற்றிப் பேசி நான் கேட்டதேயில்லை.

ஒருநாள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள்.

"அன்னிக்கு அந்தத் தொரை எதுக்குய்யா செலவைக் கேட்டாரு? ஒங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றேன்.

"அதானே" என்றாள் இருளாயி. "தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பீங்கள்ல."