டிஸ்ப்ளே வந்தது, சத்தம் வரவில்லை

1. திங்கட்கிழமை போன்

அன்று கடையின் ஷட்டரைத் தூக்கி முடிப்பதற்குள் போன் அடித்தது. எங்களுடையது பெங்களூர் அல்சூரில் ஒரு சிறிய கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. முதலாளி ரஹீம் பாய். போனில் பேசிவிட்டு என்னைப் பார்த்தார்.

"தொம்மலூர் டைப்பிங் ஆபீஸ்ல அந்த தேவகியம்மா மெஷின் காலைலேர்ந்து பேசலையாம். சனிக்கிழமை நீதானே போனே, என்னா பண்ணே?"

"பேட்டரி மாத்தினேன் பாய். டைம் நிக்காம இருந்துச்சு."

"டிஸ்ப்ளே வந்துச்சா?"

"வந்துச்சு."

"அப்ப உன் தப்பு இல்ல. வேற ஏதோ. ஜல்தி போ."

எங்கள் தொழிலில் இது ஒரு சட்டம் மாதிரி. மெஷினைத் திறந்து எதைத் தொட்டாலும், மூடிய பிறகு திரையில் படம் வந்துவிட்டால் வேலை முடிந்தது. சனிக்கிழமை நான் போனபோது ஆபீசில் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். போர்டில் காசு மாதிரி இருக்கிற சின்ன பேட்டரியை மாற்றினேன், தேதியும் மணியும் சரி செய்தேன், டிஸ்ப்ளே வந்தது, கிளம்பிவிட்டேன்.

தேவகி மேடத்துக்குப் பார்வை கிடையாது. அந்த ஆபீசில் வக்கீல்களும் டாக்டர்களும் பேசிப் பதிவு செய்து அனுப்புவதை ஹெட்போனில் கேட்டு டைப் செய்வார்கள். மேடத்தின் மெஷினில் மட்டும், திரையில் இருப்பதைப் படித்துச் சொல்கிற புரோகிராம் ஒன்று இருந்தது. விண்டோஸ் இல்லை, எல்லா மெஷினிலும் லினக்ஸ்தான். மற்றவர்களுக்குச் சத்தம் நின்றால் பதிவைக் கேட்கத்தான் முடியாது. மேடத்துக்குச் சத்தம் நின்றால் திரையும் இல்லை, கீபோர்டும் இல்லை.

2. நாலு மணி

நான் போனபோது மேடம் ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். மற்ற நாலு பேரும் டைப் அடித்துக்கொண்டிருந்தார்கள். மானேஜர் நாகராஜ் சார் என்னை ஓரமாகக் கூப்பிட்டுப் பேசினார். ஓரம் என்றாலும் சின்ன அறை, எல்லோருக்கும் கேட்கும்.

மேடம் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறதாம். பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வதாகப் பேச்சு. இன்றைக்கு நாலு மணிக்குள் ஒரு வக்கீலின் பதிவு முழுவதையும் அவர் முடித்துத் தர வேண்டும். முடித்தால் இருக்கலாம்.

"நான் மொதல்லயே சொன்னேம்ப்பா, இது அவங்களுக்கு ஆகற வேல இல்லேன்னு. பாவம், ஏதோ கீ அமுக்கிட்டிருப்பாங்க. தெரியாதில்ல," என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. அந்தப் 'பாவம்' என்ற சொல்லை நிஜமாகவே இரக்கத்தோடுதான் சொன்னார். மேடத்தின் முகம் மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பியது.

3. என் நோட்டு

இந்த இடத்தில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. அதன் பிறகு பல வருடம் பீன்யாவில் கம்ப்யூட்டர் கேபினெட்டுக்குத் தகடு மடக்கும் வேலை. வெளிப்பெட்டியை மடக்கத் தெரிந்தவனுக்கு உள்ளே இருப்பதும் வரும் என்று சொல்லி ரஹீம் பாய் கடைக்குக் கூட்டிவந்தார். கை வேலை எல்லாம் வந்தது. இங்கிலீஷ் மட்டும் வரவில்லை. ஏ, பி, சி, டி தெரியும். சேர்த்துப் படிக்க வராது.

லினக்ஸில் பாதி வேலை கமாண்ட் டைப் செய்வது. பாய் செய்யும்போது பக்கத்தில் நின்று, எழுத்து எழுத்தாகப் பார்த்து ஒரு பாக்கெட் நோட்டில் எழுதிவைத்துக்கொண்டேன். சவுண்டுக்கு ஒரு பக்கம், பிரிண்டருக்கு ஒரு பக்கம். நோட்டில் இருப்பதை அப்படியே அடிப்பேன். பதிலாகத் திரையில் என்ன வருகிறது என்று படிக்கமாட்டேன். சரியானால் சரி, இல்லையென்றால் அடுத்த வரி. யாராவது கேட்டால் "எரர் வருது சார்" என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். இயல்பிலேயே பேச்சு கம்மியான ஆள் என்பதால் யாரும் மேலே கேட்டதில்லை.

4. எழுத்து எழுத்தாக

முதலில் ஹெட்போனை வேறு மெஷினில் போட்டுப் பார்த்தேன், பாடியது. திரையில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸரைத் திறந்தேன். மியூட் ஆகியிருந்தால் அளவு காட்டுகிற கம்பத்துக்கு அடியில் இரண்டு எம் நிற்கும். அப்படி எதுவும் இல்லை, எல்லாம் மேலே ஏறித்தான் இருந்தது. பெட்டியைத் திறந்து சவுண்ட் கார்டைக் கழற்றி, தங்கப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மறுபடி மாட்டினேன். எங்கள் ஆட்கள் எதற்கும் முதலில் செய்கிற வைத்தியம் அது. சத்தம் இல்லை. மணி பதினொன்றரை.

நோட்டில் அடுத்த வரி, ஒரு சவுண்ட் ஃபைலை நேராகப் பாடவைக்கிற கமாண்ட். அடித்தேன். திரையில் ஒரு வரி வந்தது. ஹெட்போனில் ஒன்றும் இல்லை. இன்னும் மூன்று தடவை அடித்தேன். மறுபடி அதே வரி.

"ஒரே கமாண்டை நாலு தடவை அடிக்கிறீங்க," என்றார் மேடம். கீபோர்டின் ஒலியை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். "என்ன பதில் சொல்லுது?"

"எரர் மேடம்."

"என்ன எரர்?"

நான் நோட்டைப் புரட்டினேன். காது சுட்டது. அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினார்.

"எழுத்து எழுத்தா சொல்லுங்க. நான் சேத்துக்கிறேன். எனக்குக் கண்ணு தெரியாது, உங்களுக்கு இது தெரியாது. ரெண்டு பேரும் சேந்து ஒரு ஆளா இருந்துட்டுப் போறோம்."

நான் சொன்னேன். பி, எல், ஏ, ஒய், ஐ, என், ஜி.

"பிளேயிங். இது எரர் இல்லைங்க. நான் பாடிட்டிருக்கேன்னு சொல்லுது." அவர் யோசித்தார். "அப்ப பாட்டு எங்கயோ போகுது. நம்ம காதுக்கு வரல, அவ்வளவுதான்."

எத்தனையோ மெஷின்களில் அந்த வரியைப் பார்த்திருக்கிறேன். அது என்னோடு பேசிக்கொண்டிருந்தது என்று அன்றுதான் தெரிந்தது.

மெஷினில் எத்தனை சவுண்ட் கார்டு இருக்கிறது என்று காட்டுகிற கமாண்டும் நோட்டில் இருந்தது. அடித்தேன். வந்ததை வாசித்தேன். பூஜ்யம் என்று ஒரு வரி, ஒன்று என்று ஒரு வரி.

"ரெண்டா? எங்கிட்ட ஒரு கார்டுதானே இருக்கு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. போர்டோடு சேர்ந்தே ஒரு சவுண்ட் உண்டு. அதன் ஓட்டையில் எப்போதோ ஹெட்போன் பின் உடைந்து உள்ளேயே சிக்கிவிட்டது. அதனால் ரஹீம் பாய் தனி கார்டு போட்டு, மெஷின் எழும்போதே பார்க்கிற பயாஸ் செட்டிங்கில் போர்டு சவுண்டை நிறுத்திவைத்திருந்தார். பேட்டரியைக் கழற்றினால் பயாஸ் எல்லாவற்றையும் மறந்து, மெஷின் முதன்முதலில் வந்தபோது இருந்த மாதிரி ஆகிவிடும். சனிக்கிழமை நான் தேதியை மட்டும் சரி செய்தேன். தூங்கிக்கொண்டிருந்த சவுண்ட் எழுந்து முதல் கார்டாக உட்கார்ந்துகொண்டது. காலையிலிருந்து அந்த உடைந்த ஓட்டைக்குத்தான் மெஷின் பேசிக்கொண்டிருந்தது.

மேடத்திடம் மெதுவாகச் சொன்னேன். "நான்தான் மேடம். பேட்டரி."

"சரி. இப்ப சரி பண்ணுங்க," என்றார்.

பயாஸுக்குள் போய்ப் போர்டு சவுண்டை நிறுத்தினேன். மெஷின் மறுபடி எழுந்தது. டிஸ்ப்ளே வந்ததும் பழக்கத்தில் எழுந்திருக்கப் போனேன். உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் மேடத்தின் தோள் தளர்ந்து இறங்கியது. ஹெட்போனுக்குள் அது பேச ஆரம்பித்திருந்தது.

5. மானேஜரிடம்

மணி பன்னிரண்டேகால். நாகராஜ் சார் வந்து நின்றார்.

"ஆய்தா, முடிஞ்சுதா? எந்தக் கீய அமுக்கினாங்க?"

உண்மை மேடத்துக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லாமல் விரல்களைக் கீபோர்டில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஆமாம் என்று நான் தலையாட்டினால் கடைக்கும் கெட்ட பேர் வராது, எனக்கும் வராது. இரக்கப்பட்டே அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

கஸ்டமர் முன்னால் நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"அவங்க எதுவும் அமுக்கல சார். சனிக்கிழமை நான் பேட்டரி மாத்துனதுல செட்டிங் போயிடுச்சு. சவுண்ட் செக் பண்ணாம நான்தான் போயிட்டேன்."

டைப் சத்தம் நின்று எல்லோரும் திரும்பினார்கள். நாகராஜ் சார் என்னையும் கடிகாரத்தையும் பார்த்தார். அப்போது மேடம் சொன்னார்.

"சார், எனக்கு மூணு மணி நேரம் போயிருக்கு. நாலு மணின்னு சொன்னீங்க. ஏழு வரைக்கும் குடுங்க. அதுக்கு மேல ஒரு நிமிஷம் வேணாம்."

அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, "சரிம்மா, ஏழு," என்றார். போகும்போது என்னிடம், தொட்டுக் கெடுத்ததைச் சொல்லிவிட்டுப் போகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். திட்டா பாராட்டா என்று இன்றுவரை தெரியவில்லை. கடையில் கிடைத்தது திட்டுதான், அதில் சந்தேகம் இல்லை.

மறுநாள் போன் செய்து கேட்டேன். ஆறரைக்கே முடித்துவிட்டாராம்.

6. நான் கற்றது

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்வேன். மெஷின் என்ன சொல்கிறது என்று முழுசாகப் படியுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் எழுத்து எழுத்தாக யாரிடமாவது கேளுங்கள், வெட்கம் வேண்டாம். அடுத்தது, டிஸ்ப்ளே வந்துவிட்டது என்று எழுந்து போகாதீர்கள். அந்த மெஷினில் உட்காரப்போகிறவருக்கு எது டிஸ்ப்ளே என்று தெரிந்துகொண்டு, அது வருகிறவரை உட்கார்ந்திருங்கள்.

ஆறு மாதம் கழித்து சர்வீஸுக்காக மறுபடி அங்கே போனேன். மேடம் நிரந்தரமாகி, ஜன்னலோர இடத்துக்கு மாறியிருந்தார். தூசி தட்டி, மூடி, மெஷினைப் போட்டேன். இந்தத் தடவை ஹெட்போனைக் கழற்றி ஸ்பீக்கரை மாட்டச் சொன்னார். மாட்டினேன். டிஸ்ப்ளே வந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

ஸ்பீக்கரிலிருந்து ஒரு வெள்ளைக்காரக் குரல், "எல்யூமலே" என்றது.

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. என் பெயர் ஏழுமலை.

சவுண்ட் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, காலையில் மெஷின் எழுந்ததும் முதலில் ஒரு வார்த்தை பேசும்படி அவரே எழுதிவைத்திருக்கிறார். ஆறு மாதமாகத் தினமும் அதைச் சொல்லிவிட்டுத்தான் மெஷின் வேலையைத் தொடங்குகிறதாம்.

நான் ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"சத்தம் வந்துடுச்சு," என்றார் மேடம், சிரித்துக்கொண்டே. "இப்ப நீங்க கெளம்பலாம்."