ஏழாம் எண்ணில் நின்ற ஐஸ்பெட்டி

என் பழைய வெப்பநிலை நோட்டின் நடுப்பக்கம் ஒன்றில் ஒரு பிளாஸ்திரித் துண்டு ஒட்டியிருக்கிறது. காயத்துக்குப் போடும் சாதாரணப் பிளாஸ்திரிதான், கட்டைவிரல் நீளம் இருக்கும். அதன்மேல் என் கையெழுத்தில் "3. தொடக்கூடாது" என்று மையால் எழுதியிருக்கிறது. ஒரு முனை சுருண்டுவிட்டது. பசை காய்ந்து தேன் நிறத்துக்கு வந்துவிட்டது. அதை அந்தப் பக்கத்தில் ஒட்டியவள் நானல்ல. ராயபுரத்து மருந்துக்கடையின் மேனேஜர் ஒட்டினார், நாலு பேர் பார்க்கச் சிரித்துக்கொண்டே.

சென்ற மாதம் அவர் இறந்துபோனார். மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குப் போய்த் திரும்பிய பழைய சகாக்கள் இருவர் என்னைத் தேடி வந்து, கடை வெளியிடப்போகும் மலருக்கு அவரைப் பற்றி நாலு வரி எழுதித் தரும்படி கேட்டார்கள். இறந்தவரைப் பற்றி நல்லதைத்தான் சொல்ல வேண்டும் என்பது எனக்கும் தெரியும். அவருடைய சட்டை எப்போதும் வெள்ளையாக இருக்கும். நேரம் தவறமாட்டார். கடையில் வேலை செய்த பெண்ணான என்னிடம் ஒருநாளும் கொச்சையாகப் பேசியதில்லை. நல்லது முடிந்தது. மீதி அந்த மலரில் வராது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

டிராம் ஓடிய கடைசி வருஷங்கள் அவை. எங்கள் முதலாளிக்கு வண்ணாரப்பேட்டை, ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று நான்கு மருந்துக்கடைகள். நான்கிலும் ஒரே பச்சைப் பலகை, அதில் ஒரே கல்வம், குழவி முத்திரை. இருமல் மருந்து, ஓமத் தண்ணீர், சொறிக்களிம்பு எல்லாம் கடையின் சொந்தப் பெயரிலேயே தயாராகும். ஒரு கோடையில் அந்த வரிசையில் ஐஸ்கிரீமும் சேர்ந்தது. அது எங்கள் மேனேஜரின் யோசனை. தலைமைக் கடையின் பின்கட்டில் அதைச் செய்வதை ஒருமுறை பார்த்தேன். பால் பவுடர், அரோரூட் மாவு, சர்க்கரை, வெனிலா எசென்ஸ். எசென்ஸை அளந்தது இருமல் மருந்துக்கு வைத்திருந்த அதே அளவுக் குவளையில். சிறிய காகிதக் கிண்ணங்களில் அடைத்து, மூடியில் பச்சை முத்திரை குத்தி, ஐஸும் உப்பும் போட்ட தகரப் பீப்பாயில் நான்கு கடைகளுக்கும் அனுப்புவார்கள். ஓட்டலுக்குக் கொடுப்பதில்லை. தள்ளுவண்டிக்காரர்களுக்கும் கொடுப்பதில்லை. மருந்துக்கடையில் மட்டுமே கிடைக்கும் என்பதுதான் அதன் விசேஷம் என்று மேனேஜர் கண்டுபிடித்திருந்தார்.

சரியாகத்தான் கண்டுபிடித்திருந்தார். காசிமேட்டிலிருந்து ஒரு மீன்காரம்மா, அனலாகக் கொதிக்கும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு கிண்ணம் கேட்டாள். ஜுரத்தோடு இருக்கிற குழந்தைக்கு எதற்கம்மா என்றேன்.

"மருந்துக்கடைல விக்கறது மருந்துதானே? தொண்டைக்கு நல்லதுன்னு மேனேஜரு சொன்னாரே. நீ இன்னா புதுசா சொல்றே?"

மேனேஜர் என் பின்னால் வந்து நின்றார். "கம்பவுண்டரம்மா புதுசா படிச்சிட்டு வந்துகீது. அப்படித்தான் பேசும். நீ வாங்கிக்க தாயி."

அவள் வாங்கிக்கொண்டு போனாள். நான் கண்ணாடி அலமாரியைத் துடைத்தேன். கம்பவுண்டர் பரீட்சையில் தேறி வந்த பெண் என்பதற்காகவே என்னை அந்தக் கடையில் வைத்திருந்தார்கள். பெண் கம்பவுண்டர் இருந்தால் பெண்கள் கூச்சமில்லாமல் வருவார்கள். வந்தவர்கள் எதை வாங்க வேண்டும் என்பதில் என் படிப்புக்கு வேலை இல்லை.

கடைக்கு ஒரு ஐஸ்பெட்டி. ஐஸ்கிரீமுக்காக வாங்கியதல்ல அது. அதற்கு இரண்டு வருஷம் முன்பே, இன்சுலினுக்கும் நாய்க்கடி, தனுர்வாத மருந்துகளுக்கும் என்று வாங்கியது. ஐஸ்கிரீம் வந்தபின் உள்ளே இருந்த நிலைமை இது. மேலே உறையறை, அதில் கிண்ணங்கள். அதற்கு நேர்கீழே முதல் தட்டில், உறையறையில் கொள்ளாத கிண்ணங்கள். அவற்றோடு ஒட்டி, பின்சுவரில் முதுகு சாய்த்து, இன்சுலின் குப்பிகள். இரண்டாம் தட்டில் மற்ற மருந்துகள். அடித்தட்டில் மேனேஜரின் மோர்ச்செம்பு. பெட்டிக்குள் பக்கவாட்டில் ஒரு திருகு, ஒன்றிலிருந்து ஏழுவரை எண்கள். மூன்றில் வைத்தால் இன்சுலின் இருக்கவேண்டிய நாற்பது டிகிரி ஃபாரன்ஹீட்டில் இருக்கும், முதல் தட்டு ஐஸ்கிரீம் கூழாகிவிடும். ஏழில் வைத்தால் ஐஸ்கிரீம் கல்லாக நிற்கும், முள் முப்பத்திரண்டுக்குக் கீழே போய் இன்சுலின் உறைந்துவிடும். உறைந்த இன்சுலினை எறிந்துவிட வேண்டும். எங்கள் ஆசிரியர் வகுப்பில் அதைக் கரும்பலகையில் எழுதி அடிக்கோடும் போட்டார். உருகியபின் பார்க்கத் தெளிவாக இருந்தாலும் அதன் பலத்தை நம்பக்கூடாது.

காலை ஒன்பது மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் வெப்பமானியைப் பார்த்து நோட்டில் எழுதுவேன். திருகை மூன்றில் வைப்பேன். மத்தியானம் நான் சாப்பிட்டு வருவதற்குள் ஏழுக்குப் போயிருக்கும். மறுபடி மூன்று. மறுபடி ஏழு. வாயைத் திறக்காமலே ஒரு மாதம் அந்தச் சண்டை நடந்தது. கடைசியில்தான் பிளாஸ்திரியில் எழுதி, திருகோடு சேர்த்து ஒட்டினேன். அது ஒரு புதன்கிழமை. சாயங்காலம், கடை நிறைய ஆள் இருக்கும்போது, மேனேஜர் ஒரு கிண்ணம் எடுக்கப் பெட்டியைத் திறந்தார்.

"இன்னாம்மா, பெட்டிக்குக் காயமா? பிளாஸ்திரி போட்டுகீறே?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் நகத்தால் நெம்பிப் பிய்த்து எடுத்தார். மேஜைமேல் திறந்திருந்த என் நோட்டில், அந்த வாரத்துக்காக நான் கோடு போட்டு வைத்திருந்த காலி வரிகளின்மேல் அதை அப்பி, உள்ளங்கையால் ஒருமுறை அழுத்தினார். "காயம் இங்கதான் கீது. இங்கயே இருக்கட்டும்."

இப்போது பாயையும் அவர் மகளையும் சொல்ல வேண்டும். பாய் துறைமுகத்தில் தோல் கட்டுகளுக்கு அடையாளம் போடும் வேலையில் இருந்தார். தண்டையார்பேட்டையில் வீடு. அவருடைய ஒரே மகளுக்குப் பத்து வயதிலேயே சர்க்கரை வியாதி. தினம் இரண்டு வேளை ஊசி. வீட்டில் ஐஸ்பெட்டி கிடையாது. ஆகவே வாரத்துக்கு ஒரு குப்பி வாங்கிப் போய், ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் வைத்துக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் தகப்பனும் மகளும் வருவார்கள். நான் குப்பியை எடுத்துத் துடைத்துக் கொடுக்கும்வரை அவள் பெஞ்சில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் பலகையைப் படித்துக்கொண்டிருப்பாள்.

"அக்கா, அது வாயில வச்சா எப்படி இருக்கும்?" என்று ஒருமுறை கேட்டாள்.

"வெண்ணெய் மாதிரி கரையும்."

"வெண்ணெய் எனக்குக் குடுக்கறாங்களே," என்று திருப்தியாகச் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் இதுவரைக்கும் ஒருவாட்டிகூடத் திருடித் துன்னதில்ல. வாப்பாவைக் கேளு," என்றாள். பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவள் சொல்வதுபோல இருந்தது அது. அவளிடம் பெருமைப்பட்டுக்கொள்ள அது ஒன்று இருந்தது.

பிளாஸ்திரியைப் பிய்த்த புதனுக்கு அடுத்து வந்த வெள்ளிக்கிழமை காலையில் பெட்டியைத் திறந்தேன். திருகு ஏழில் இருந்தது. மோர்ச்செம்பில் மேலாக ஐஸ் ஆடை கட்டியிருந்தது. மூன்று இன்சுலின் குப்பிகள் இருந்தன. மூன்றிலும் ஊசி ஊசியாகப் பனி. கடையின் கையிருப்பு அவ்வளவுதான். மேனேஜரிடம் காட்டினேன். அவர் ஒரு குப்பியை வாங்கி உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு, அப்படியே நாலு பேரிடம் பேசிவிட்டு வந்து, கையை விரித்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"பாரு, கண்ணாடியாட்டம் கீது. இதுல இன்னா கேடு? ஐஸ்கிரீம் கரைஞ்சா ஊரே கேக்கும். இதைக் கேக்க மூணு பேரு. புதுசு திங்கக்கிழமதான் வரும். கம்முனு குடு."

சாயங்காலம் பாய் தனியாக வந்தார். மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஏதோ விளையாட்டுப் போட்டி. "அம்மா, நாளைக் காலைல ஊசிக்கு ஒரு சொட்டு இல்ல, நல்லவேளை கடை மூடறதுக்குள்ள வந்துட்டேன்," என்றார். மேனேஜர் பத்தடி தள்ளி நின்று மோர் குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு வழிகள் இருந்தன. காலையிலேயே வண்ணாரப்பேட்டைக் கடைக்கு ஆள் அனுப்பியிருக்கலாம். பாயை டிராமில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கலாம். குறைந்தது, மருந்து வலு குறைந்திருக்கலாம், குழந்தைக்குத் தாகம் எடுக்கிறதா என்று பாருங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். இந்த மூன்றையும் அன்று இரவு வீட்டில் வரிசையாக யோசித்தேன். கடையில் நின்றபோது யோசித்தது ஒன்றுதான்: ஒன்றுமே இல்லாததற்கு இது பரவாயில்லை. குப்பியைத் துடைத்துக் கொடுத்தேன்.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை பாய் வரவில்லை. இன்னும் ஐந்து நாள் கழித்து வந்தார். தாடி வளர்ந்திருந்தது. கடைக்குள் வராமல் வாசற்படியிலேயே நின்றுகொண்டு பேசினார். மகள் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாளாம். வாந்தி எடுத்தாளாம். மூச்சில் பழவாடை அடித்ததாம். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் நினைவு இல்லையாம். இப்போது பிழைத்துவிட்டாள், எழுந்து உட்காருகிறாள்.

"ஊசி நேரம் தவறல மேனேஜரு. ரெண்டு வேளையும் நானே போட்டேன். எங்கியோ இனிப்பு துன்னுருக்கு. கேட்டா இல்லன்றா. அல்லா மேல ஆணையா இல்லன்றா. கெட்ட கோவம் வந்துச்சு. மயக்கமா விழறதுக்கு மொத நாளு அடிச்சிட்டேன். கன்னத்துல."

மேனேஜர் உச்சுக்கொட்டினார். இவ்வளவு வருஷத்துக்குப் பிறகும் அந்தச் சத்தம் எனக்குக் கேட்கிறது. "பசங்கன்னா அப்படித்தான் பாய். எங்க கடை ஐஸ்கிரீமையே யார்னா வாங்கிக் குடுத்துருப்பாங்க. வாரா வாரம் அந்தப் பலகையைப் பாத்துகினே குந்தினு இருக்குமே, நான் பாக்கலையா? நீ அடிச்சதுல தப்பே இல்ல."

ஐஸ்கிரீம் விற்றதை மன்னிப்பேன். அரோரூட் மாவை, ஜுரக் குழந்தையை, பிளாஸ்திரியை, எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்ததைக்கூட மன்னிப்பேன். குப்பி உறைந்திருந்ததை உள்ளங்கையில் வைத்துப் பார்த்த மனிதர், அந்தப் பிள்ளையிடம் இருந்த ஒரே பெருமையை எடுத்துத் தெருவில் போட்டு மிதித்தார். தெரியாமல் செய்யவில்லை. முகத்தில் இரக்கம் காட்டிக்கொண்டே செய்தார். அதை நான் மன்னிக்கவில்லை. அவர் எரிந்து சாம்பலான பிறகும் மன்னிக்கவில்லை.

"அவ ஒண்ணும் சாப்பிடல பாய்," என்றேன். "மருந்துதான் கெட்டுப்போச்சு. ஐஸ்கிரீமுக்காகப் பெட்டியை முடுக்கி வச்சதுல இன்சுலின் உறைஞ்சிடுச்சு. அது எங்களுக்குத் தெரியும்."

"பொண்ணு பயந்துகினு உளறுது," என்றார் மேனேஜர்.

பாய் அவரைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தார். முகத்தைக்கூட அல்ல, கையை.

"தெரியுமா? நீதானேம்மா எடுத்துக் குடுத்தே?"

"ஆமாம்."

அவர் படியிலிருந்து இறங்கிப் போய்விட்டார். கல்மண்டபம் பக்கம் திரும்பும்வரை அவர் வேகமாக நடப்பதைப் பார்த்தேன். வீட்டுக்குப் போகிற நடை அல்ல, ஆஸ்பத்திரிக்குப் போகிற நடை. மகளிடம் சொல்லத்தான் ஓடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அன்றே நோட்டை எடுத்துக்கொண்டு வேலையை விட்டேன். மேனேஜர் தடுக்கவில்லை. "போற போக்குல பெட்டியை நல்லா சாத்திட்டுப் போம்மா, ஐஸ்கிரீமு கரைஞ்சிரும்," என்றார்.

அவருக்கு எந்தக் கெடுதலும் வரவில்லை என்பதையும் எழுதிவைக்கிறேன். திருவொற்றியூர்க் கடையையும் சேர்த்துக் கவனிக்கும்படி உயர்த்தினார்கள். பச்சை முத்திரை ஐஸ்கிரீம் இன்றும் அந்தக் கடைகளில் கிடைக்கிறது. மருந்துக்கடைப் பண்டம் என்பதால் சுத்தமாக இருக்கும் என்று படித்தவர்களும் வாங்குகிறார்கள்.

நான் இப்போது அரசாங்க ஆஸ்பத்திரியின் மருந்து ஜன்னலில் இருக்கிறேன். என் ஐஸ்பெட்டியின் திருகைக் கழற்றிக் கைப்பையில் வைத்திருக்கிறேன். பிளாஸ்திரியைப் பிய்த்துவிட முடியும் என்று தெரிந்துகொண்டவள் அல்லவா. வெள்ளிக்கிழமைகளில் பாயின் மகள் தனியாக வருகிறாள். வளர்ந்துவிட்டாள், பின்னல் இடுப்புவரை தொங்குகிறது. பாய் அதற்குப் பிறகு என் முகத்தில் விழித்ததில்லை. அவள் சீட்டை நீட்டிவிட்டு, "இன்னைக்கு எவ்ளோக்கா?" என்று கேட்பாள். நான் புது நோட்டைத் திருப்பி வைப்பேன். வரியில் விரலை ஓட்டிப் படித்துவிட்டு, அதன் பிறகுதான் குப்பியைத் தொடுவாள். அக்கா என்கிற அழைப்பு மாறவில்லை. எண்ணைப் பார்க்காமல் ஒருநாளும் வாங்கியதில்லை. அந்தப் பழைய வெள்ளிக்கிழமையைப் பற்றி மட்டும் அவள் கேட்டதில்லை.

கேட்டால் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. அந்த வெள்ளிக்கிழமைக்கான வரி பிளாஸ்திரிக்கு அடியில் இருக்கிறது. அன்று காலை வெப்பமானியைப் பார்த்தேன். எழுத இடம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பேனாவை மூடினேன். பக்கத்தில் ஓரம் இருந்தது. பின்னால் எத்தனையோ வெற்றுத் தாள்கள் இருந்தன. இப்போது பிளாஸ்திரியை உரித்தால் தாளும் சேர்ந்து கிழிந்து வந்துவிடும். அதனால் இங்கே எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி, இருபத்தெட்டு டிகிரி.