கதவு நிலையில் ஒரு சந்தனப் பொட்டு

கல்கத்தா டாக்குரியாவில் வைத்தியநாதனைத் தெரியாதவர்கள் குறைவு. ஏரிக்கரையில் காலை நடை போகிறவர்களில் பாதிப் பேர் அவரை 'கேப்டன்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். ரிடையர் ஆகும்வரை அவர் ஏறிய மிகப் பெரிய கப்பல் ஹௌரா போகும் ஃபெர்ரிதான் என்பது அவர்களுக்குத் தெரியாது. டல்ஹௌசியில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீசில், கடல் பிரிவில், ஊரார் மூழ்கடித்த கப்பல்களுக்கெல்லாம் ஃபைல் எழுதியே தலை நரைத்தவர் அவர். ரிடையர் ஆன மறுவாரம் சாப்பாட்டு மேஜையில் கரீபியன் கடல் வரைபடத்தை விரித்தார். அது சுருட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு மூலையில் ரசக் கிண்ணத்தை வைத்துவிட்டு, பாய்மரப் படகு ஒன்று வாங்கித் தனியாகத் தீவு தீவாகச் சுற்றப் போகிறேன் என்று அறிவித்தார்.

கேப்டன் கதையை அவரே போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். இங்கே சொல்ல வந்தது அவர் மனைவி சௌந்தரத்தைப் பற்றி. அவள் முதலில் சிரித்தாள். அவர் வரைபடத்தை மடிக்காமல் நிற்பதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோயிற்று.

"தனியாவா? எலுமிச்சங்கா சாதம் கட்டிக் குடுத்தா டப்பா மூடியைத் திறக்கத் தெரியாது உங்களுக்கு. சமுத்திரத்துல தனியாப் போறேளா? கூட ஒரு மனுஷா இருந்தாப் போங்கோ. இல்லேன்னா இந்த வாசப்படியைத் தாண்ட விடமாட்டேன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். வைத்தியநாதன் சென்னைக்குப் போய்ச் சில மாதம் தங்கிப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டார். அடுப்புக்கரியாய்க் கறுத்துத் திரும்பி வந்தவர், பையைக் கீழே வைப்பதற்கு முன்பே சொன்னார்.

"ஆள் கிடைச்சுட்டான், சௌந்தரம். பட்டாபிராமன்னு பேர். விசாகப்பட்டினம். நேவில இருந்தவன். பெண்டாட்டி போய்ச் சேர்ந்துட்டா, குழந்தை குட்டி கிடையாது. முட்டைகூடத் தொடமாட்டான்."

அதற்கு மேல் ஒரு பெண் என்ன கேட்க முடியும்? போனில் ஒரு வார்த்தை பேசுகிறேன் என்றாள். பீரங்கிக்குப் பக்கத்திலேயே வேலை பார்த்துப் பட்டாபிக்குக் காது அடைத்துப்போயிற்று, போனில் ஒன்றும் கேட்காது என்றார் அவர். பாவமே என்று சௌந்தரம் ஒரு பாட்டில் வடுமாங்காய் கூடுதலாகக் கட்டிக் கொடுத்தாள்.

கிரெனடா என்ற தீவில் வாங்கிய பழைய படகு அவர்கள் வீட்டுச் சமையலறையைவிடச் சற்றே நீளம். புயல் காலத்தில் அதைக் கரையேற்றி வைத்துவிட்டு வைத்தியநாதன் கல்கத்தா வருவார். துர்கா பூஜை முடிந்ததும் கிளம்பிப் போய்விடுவார். பட்டாபியையும் ஒரு தடவை கூட்டிக்கொண்டு வாருங்களேன் என்று சௌந்தரம் கேட்டபோதெல்லாம், படகுக்குக் காவல் வேண்டாமா என்பார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது அவளுக்கு.

ஏதாவது ஒரு தீவில் சிக்னல் கிடைத்தால் போன் வரும். ஜாதிக்காய் மணக்கும் கிரெனடாவைப் பற்றிச் சொல்வார். கடலிலிருந்தே நேராக எழும்பி நிற்கும் செயின்ட் லூசியாவின் இரட்டை மலையைப் பற்றிச் சொல்வார். ஒரு தரம் குவாதலூப் தீவில் மாரியம்மன் கோவில் இருப்பதாகச் சொன்னார். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போனவர்களின் பேரப் பிள்ளைகள் அங்கே தமிழில் பாடுகிறார்களாம். பாட்டின் அர்த்தம் ஒருவருக்கும் தெரியாதாம்.

"நான் கேட்டுண்டு நின்னேன். பட்டாபி என்னடான்னா ஓரமாப் போய் விக்கி விக்கி அழறான்."

இதுதான் வேடிக்கை. முப்பத்தைந்து வருஷக் கல்யாண வாழ்க்கையில் பயம், அழுகை, ஏக்கம் என்று வைத்தியநாதன் வாயிலிருந்து ஒன்று வந்ததில்லை. அவர் அம்மா போன அன்றுகூட ஆம்புலன்ஸ் ரசீதைப் பத்திரமாக வை என்றுதான் சொன்னார். ஆனால் பட்டாபி வேறு ஜாதி மனிதர். இடி இடித்த ராத்திரி படகின் மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். சௌந்தரம் கொடுத்தனுப்பிய முறுக்கு தீர்ந்த பிறகு காலி டப்பாவைத் திறந்து திறந்து மோந்து பார்த்தாராம். கேட்கக் கேட்க, பார்த்தறியாத அந்த மனிதர்மேல் சௌந்தரத்துக்கு வாஞ்சை பொங்கிற்று. அண்ணா என்றே சொல்ல ஆரம்பித்தாள்.

அவளுக்குக் கூடப்பிறந்த ஆண் கிடையாது. டாக்குரியாவிலேயே பிறந்து வளர்ந்தவள். தீபாவளி கழிந்த இரண்டாம் நாள் தெருவில் எல்லா வங்காளி வீட்டிலும் பாய் ஃபோட்டா நடக்கும். அண்ணன் தம்பிகளை உட்கார்த்திவைத்து, அக்கா தங்கைகள் இடது கைச் சுண்டுவிரலால் நெற்றியில் சந்தனம் வைப்பார்கள். எமன் வீட்டு வாசலில் முள் போட்டு அடைத்துவிட்டதாக அர்த்தம். சின்ன வயதில் எதிர்வீட்டுச் சுமித்ரா பொட்டு வைப்பதை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தவள் சௌந்தரம். அண்ணன் ஊரில் இல்லாவிட்டால் கதவு நிலையில் வைப்பார்கள், எங்கிருந்தாலும் போய்ச் சேரும் என்பதையும் சுமித்ராதான் சொல்லியிருந்தாள். அதனால் அந்த வருஷம் அறுபதை நெருங்கிய வயதில் சௌந்தரம் குளித்துவிட்டு, சந்தனம் அரைத்து, தன் வீட்டு வாசல் நிலையில் பட்டாபி அண்ணாவுக்குப் பொட்டு வைத்தாள். அதைப் போட்டோ எடுத்து அனுப்பினாள்.

'பட்டாபி கண் கலங்கிட்டான்' என்று பதில் வந்தது. துடைத்துப் பெருக்க வரும் மாலதியிடம் அந்தப் பொட்டை மட்டும் தொடாதே என்று கண்டிப்பாகச் சொல்லி வைத்தாள் சௌந்தரம்.

மார்கழி முடியும் சமயம், ஒரு காலை, பால் பொங்கும்போது போன் அடித்தது. ஏதோ ஒரு தீவின் கடல் மீட்பு ஆபீசிலிருந்து ஒரு பெண் குரல். படகிலிருந்த ஆபத்துக் கருவி சைகை அனுப்பியிருக்கிறது. அவசரத்துக்கு என்று சௌந்தரத்தின் எண்தான் அதில் பதிவாகியிருந்தது. படகில் எத்தனை பேர் என்று அந்தப் பெண் கேட்டாள்.

"இரண்டு பேர்" என்றாள் சௌந்தரம். "என் கணவரும் என் அண்ணாவும்."

நியூ டவுனிலிருந்து மகள் மாதவி டாக்ஸி பிடித்து வந்து சேர்வதற்குள் அடுத்த போன் வந்துவிட்டது. மாதவிதான் வாங்கிப் பேசினாள். பேசி முடித்ததும் அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"மா, ஒரு கார்கோ ஷிப் ரப்பர் படகுலேர்ந்து ஒருத்தரைத் தூக்கியிருக்கு. வயசானவர், இண்டியன், தாடி. உயிர் இருக்கு, நினைவு இல்லை. இன்னொருத்தரைத் தேடிண்டிருக்கா."

"எந்த ஒருத்தர்?"

"தெரியலை மா. பேப்பர் ஒண்ணும் கிடைக்கலை. போட்டோ கேட்டேன். ரேடியோலதான் பேச முடியறதாம். கப்பல் கரைக்கு வந்தாத்தான் தெரியுமாம். நமக்குச் சாயங்காலம் ஆயிடும்."

"ரெண்டு பேருக்கும் தாடி" என்றாள் சௌந்தரம். அப்படித்தான் அவர் சொல்லியிருந்தார்.

மாதவி எங்கெங்கோ போன் போட்டுக்கொண்டிருந்தாள். சௌந்தரம் பூஜை அலமாரி முன்னால் போய் நின்றாள். 'அவரா இருக்கணும், அவரா இருக்கணும்' என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. நெடுநேரம் கழித்துத்தான் அதன் மறுபாதி அவளுக்கு உறைத்தது. கப்பலில் கிடப்பது இவர் என்றால் தண்ணீரில் கிடப்பது அண்ணா. அவருக்குக் காதும் கேட்காது. இருட்டில் கூப்பிடுகிற குரல் எதுவும் அவரை எட்டாது. ரெண்டு பேரையும் காப்பாத்து என்று மாற்றிச் சொல்லிப் பார்த்தாள். நாலு தரம் சொல்வதற்குள் வாய் பழைய வார்த்தைக்கே திரும்பிற்று.

அப்போதுதான் வாசல் நிலை நினைவுக்கு வந்தது. எமன் வாசலை அடைத்து அவள் முள் போட்டது யாருக்கு? பட்டாபிக்கு. கட்டின புருஷனுக்கு அவள் ஒன்றுமே போட்டு வைக்கவில்லை. பிழைத்தது ஒருவர்தான் என்றால், அந்தப் பொட்டு யாரைக் காப்பாற்றியிருக்கும்? படித்தவள் யோசிக்கிற யோசனையா இது என்று யாரும் கேட்கலாம். கேட்கிறவர்கள் அந்த நாளில் அவள் இடத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை.

சௌந்தரம் எழுந்து போனாள். மகள் பார்க்கிறாளா என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். புடவைத் தலைப்பை எச்சில் தொட்டு, காய்ந்து கிடந்த சந்தனத்தைத் தேய்த்து அழித்தாள். எளிதில் போகவில்லை. நகத்தால் சுரண்டினாள்.

சாயங்காலம் வங்காளி வீடுகளில் விளக்கேற்றிச் சங்கு ஊதும் நேரத்துக்குப் போன் வந்தது.

"சௌந்தரம்... நான்தான்."

அவள் செருப்பு அலமாரிமேலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுதுகொண்டே முதலில் அண்ணாவைப் பற்றித்தான் கேட்டாள்.

"அண்ணா கிடைச்சாரா?"

பதிலுக்குக் காத்திராமல் அவளே தொடர்ந்தாள்.

"ஏன்னா, தேடறவாகிட்டச் சொல்லுங்கோ. அவருக்குக் காது கேக்காது, கூப்பிட்டா பதில் வராது. விளக்கு அடிச்சுப் பாக்கச் சொல்லுங்கோ. சொன்னேளா இல்லையா?"

"தேட வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"என்ன பேசறேள்? நீங்க பொழச்சாப் போறுமா?"

"சௌந்தரம், பட்டாபின்னு யாரும் இல்லை. எப்பவுமே இல்லை. நான் தனியாத்தான் இருந்தேன்."

சங்குச் சத்தம் ஓய்ந்திருந்தது. சௌந்தரம் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள், மறுபடி வைத்துக்கொண்டாள்.

"அப்போ நீங்க தூங்கினா யார் முழிச்சிண்டிருந்தா?"

"யாரும் இல்லை. அலாரம் வெச்சுண்டு கோழித்தூக்கம்தான்."

அவள் போனை மாதவியிடம் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போனாள். பொட்டு இருந்த இடம் வெளுத்துத் தெரிந்தது. அதை உள்ளங்கையால் மூடிக்கொண்டு நின்றாள்.

உடைந்த கை எலும்பு கூடியதும் வைத்தியநாதன் ஊர் வந்து சேர்ந்தார். பாய்மரக் கட்டை முறிந்து விழுந்ததும், ரப்பர் படகில் குதித்ததும், நல்ல கதைதான். ஆனால் கதை கேட்க வீட்டுக்கு வந்த கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது பட்டாபி வரும் இடத்தில்தான். இல்லாத மனிதனை இரண்டு படகு விளக்குப் போட்டுத் தேடியதை அவர் நடித்தே காட்டுவார். மாதவிகூட முதலில் அப்பாவிடம் கத்தித் தீர்த்துவிட்டு, பிறகு சிரித்தாள். லேக் மார்க்கெட் வரை பரவிவிட்டது கதை. 'மாமி, உங்க அண்ணா சௌக்கியமா?' என்று காய்கறி வாங்கும் இடத்தில் கேட்டார்கள். சௌந்தரம் காபி கொடுப்பதற்கு மட்டும் அந்தக் கூட்டத்துக்குள் வருவாள்.

ஒரு மத்தியானம் அவர் தனியாக இருக்கும்போது கேட்டாள்.

"அந்த மாரியம்மன் கோவில்ல அழுதது?"

அவர் பேப்பரைத் தாழ்த்தினார். "நான்தான்."

"இடி இடிச்சப்போ மூலைல உக்காந்திருந்தது?"

"நான்தான்."

"முறுக்கு டப்பா?"

"அதுவும் நான்தான். என் பேர்ல சொன்னா நீ உடனே திரும்பி வான்னுடுவே. சொல்லாமயும் இருக்க முடியலை."

பேப்பர் மறுபடி உயர்ந்தது. அதற்குப் பின்னால் அவர் முகம் எப்படி இருந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மழைக்காலம் போயிற்று, பூஜை வந்தது. மூழ்காமல் மிதந்த படகை இழுத்துக்கொண்டுபோய்க் கரையேற்றியிருந்தார்கள்; அதைச் சரி செய்துவிடலாம் என்று தகவல் வந்திருந்தது. இந்தத் தரம் தனியாகப் போகிறேன் என்று சொல்லிவிட்டே போகலாம் என்பது வைத்தியநாதனின் எண்ணம். நல்ல நேரம் பார்த்துக் கேட்கக் காத்திருந்தார். பாய் ஃபோட்டா அன்று காலை நடைக்குக் கிளம்பி வாசலுக்கு வந்தவர், சௌந்தரம் ஈரத் தலையோடு கதவு நிலைக்கு முன்னால் நிற்பதைப் பார்த்தார். கையில் சந்தனக் கிண்ணம். இடது கைச் சுண்டுவிரல் நீட்டியிருந்தது.

"யாருக்கு இது? அதான் பட்டாபி இல்லைன்னு ஆயிடுத்தே" என்று சிரித்தார்.

அவள் பொட்டை வைத்து முடித்தாள். திரும்பாமலே பேசினாள்.

"அன்னிக்கு ஒருத்தர்தான் கிடைச்சார்னு சொன்னா. அது நீங்களா இருக்கணும்னு இந்தப் பொட்டை நானே அழிச்சேன். அண்ணா போகட்டும்னு அழிச்சேன். நகத்தால சுரண்டினேன்."

"சௌந்தரம், அவன்தான் இல்லவே இல்லையே..."

"எனக்கு அது அன்னிக்குத் தெரியாது."

வைத்தியநாதனின் சிரிப்பு எங்கே போயிற்றோ. தெருவில் எங்கோ பெண்கள் குலவையிடும் உலு சத்தமும் சங்கும் கேட்டன.

"பயந்தவர், அழுதவர், என் டப்பாவை மோந்து பாத்தவர், அவரைத்தான் நான் போகச் சொன்னேன்" என்றாள் சௌந்தரம். "அவர் யாருன்னு நீங்களே சொல்லிட்டேள். இனிமே அந்தக் கதையைச் சொல்லி யாரையும் சிரிக்க வைக்காதீங்கோ."

மாடிப்படியிலிருந்து காற்று வந்து கதவை நிலையோடு மோதப் பார்த்தது. மோதினால் ஈரச் சந்தனம் கலைந்துவிடும். வைத்தியநாதன் கையை நீட்டிக் கதவைப் பிடித்துக்கொண்டார். நடைக்குப் போகவில்லை, படகைப் பற்றிப் பேசவில்லை. பொட்டு காயும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.