பதினெட்டுப் பல் சக்கரம்

தேனியில் சுந்தர்ராஜின் கமிஷன் மண்டியில் ஒச்சாண்டி சின்ன லாரி ஓட்டினார். வருசநாட்டுக்குப் போய் நிலக்கடலை மூட்டை ஏற்றி வருவது வேலை. அவருடைய அப்பா போலீஸ் ஸ்டேஷனில் கைரேகை வைத்தே காலம் தள்ளியவர். அப்படி வைக்கச் சொன்ன குற்றப் பரம்பரைச் சட்டம் 1946-லும் இருந்தது. லைசென்ஸ் வாங்கிய பிறகுதான் ஒச்சாண்டியை நாலு பேர் மரியாதையாகக் கூப்பிட்டார்கள்.

அந்த வருடம் டயர்கள் தேய்ந்து நூல் தெரிந்தது. அதே அளவு எங்கும் கிடைக்கவில்லை. மதுரையில் பட்டாளத்து ஏலத்தில் வந்த டயர்கள் இருந்தன, ஒரு சுற்றுப் பெரியவை. மட்கார்டைத் தட்டி வளைத்து மாட்டினார்கள். வருசநாட்டுப் பள்ளங்களில் வண்டி அடி தட்டாமல் போனதில் ஒச்சாண்டிக்கு ஏக சந்தோஷம்.

பெட்ரோல் கூப்பனில் வந்த காலம் அது. மாதக் கடைசியில் முதலாளி மீட்டரைப் பார்த்தார். வழக்கமான நடைகள்தான், பெட்ரோலும் குறையாமல் செலவாகியிருந்தது. மைல் மட்டும் குறைவு.

"பெட்ரோல் எங்கன போகுது ஒச்சாண்டி? மீட்டரு பொய் சொல்லுமா?"

மூட்டை தூக்குகிறவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒச்சாண்டி சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

"பெட்ரோல நீக எடுத்தீகளா?" என்று கேட்டாள் மனைவி பஞ்சம்மாள்.

"இல்லத்தா."

"பெறகு சாவிய எதுக்குக் குடுத்தீக? எடுத்தவுகதான் குடுத்துட்டு வருவாக."

அது அவருக்குச் சுருக்கென்று பட்டது. வண்டியில் புதிதாக மாறியது டயர் ஒன்றுதான் என்று தோன்றவே, மறுநாள் காலையில் சணல் கயிற்றோடு மண்டிக்குப் போனார். மூலையில் கிடந்த பழைய டயரைச் சுற்றி அளந்தார். பிறகு புதியதை அளந்தார். அரையடிக்கு மேல் கயிறு கூடுதலாக வேண்டியிருந்தது. மீட்டர் சக்கரத்தின் சுற்றைத்தான் எண்ணுகிறது. பெரிய சக்கரமோ ஒரு சுற்றில் அதிக தூரம் போய்விடுகிறது.

முதலாளியிடம் போய் நின்றார். "ஒரு நடை எம்பக்கத்துல ஒக்காந்து வாங்க. சின்னமனூர் ரோட்டுல மைல்கல்ல எண்ணுவம்."

பத்து மைல் எண்ணினார்கள். மீட்டரில் ஒன்பதுதான் ஓடியிருந்தது. முதலாளி குனிந்து மீட்டரைப் பார்த்தார்.

"தப்பா நெனச்சுட்டேன்யா."

"இங்கன சொன்னா எப்படி மொதலாளி? மண்டியில அத்தன பேரு முன்னாடியில்ல கேட்டீக."

மண்டியில் இறங்கியதும் சுந்தர்ராஜ் ஆட்களைக் கூப்பிட்டார். "ஒச்சாண்டி மேல தப்பில்ல. மீட்டருதான் கொறச்சுக் காட்டிருக்கு. நான்தான் தெரியாமப் பேசிட்டேன்" என்றார். ஒச்சாண்டி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அந்த வாரமே மெக்கானிக் செல்லப்பாண்டி கியர் பெட்டியைத் திறந்து, மீட்டரை ஓட்டுகிற இருபது பல் சக்கரத்தைக் கழற்றிப் பதினெட்டுப் பல் சக்கரம் போட்டார். பல் குறைந்தால் அது வேகமாகச் சுற்றி மைலைக் கூட்டிக் காட்டும். மறுபடி எண்ணியபோது கல்லும் மீட்டரும் ஒத்துப்போயின.

ஒச்சாண்டி அங்கேயே இன்னும் ஒன்பது வருடம் ஓட்டினார். ஆனால் பெட்ரோல் ஊற்றும்போதெல்லாம் முதலாளியை வண்டிப் பக்கம் வந்து நிற்கச் சொல்வார். "எதுக்குய்யா?" என்று அவர் சலித்துக்கொண்டாலும் விடமாட்டார்.